வாசலில் முடிந்த படம்

நான் முப்பத்தாறு வருஷம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவன். தலைமுடி அளவு கூடுதலாகக் கடைந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியாது. அதனால் அளந்து பார்க்காமல் எதையும் செய்யமாட்டேன் என்று எனக்குள் ஒரு திமிர் உண்டு. இரண்டு கிட்னியும் போய் மெஷினில் படுத்த பிறகும் அந்தத் திமிர் மட்டும் போகவில்லை. அந்தத் திமிரோடுதான் கண்டக்டருக்கு அந்தப் படத்தைச் சொன்னேன்.

திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். எங்கள் அறையில் நாலு கட்டில், நாலு மெஷின், சுவரில் ஒரு டிவி. ஜன்னலை ஒட்டிய முதல் கட்டில் என்னுடையது. அடுத்தது டீச்சர், ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். மூன்றாவது கண்டக்டர். பஸ்ஸில் பதினெட்டு வருஷம் டிக்கெட் கொடுத்தவன், நாற்பத்திரண்டு வயதுதான், எங்களில் சின்னவன். நாலாவது கட்டிலில் வருகிறவர்கள் நிலைப்பதில்லை. அந்தக் கட்டிலுக்கு சிஸ்டர் விரிப்பு மாற்றும் நாட்களில் நாங்கள் மூன்று பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வோம்.

மூன்று பேரும் சின்ன வயதிலேயே கௌபாய் படம் பார்த்துக் கெட்டுப்போனவர்கள் என்பது தெரியவந்தது ஒரு சண்டையில். டிவியில் ஏதோ மாமியார் மருமகள் அழுகை ஓடிக்கொண்டிருந்தது. சேனலை மாற்றச் சொல்லி நான் கத்த, மாற்றியதில் ஒரு குதிரை ஓடியது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் "அப்படியே விடுங்க சிஸ்டர்" என்றோம். டீச்சர் தன் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைமுடியைத் தொப்பிக்குள் சொருகி, ஆம்பளைப் பிள்ளை மாதிரி தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவராம். இதை ஊசி குத்திய கையை அசைக்காமல், முகத்தையும் அசைக்காமல் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்களுக்கென்று ஒரு முறை வந்துவிட்டது. முதல் மணி நேரம் எடை பார்ப்பது, ஊசி குத்துவது என்று போய்விடும். மூன்றாவது மணியில் டாக்டர் வருவார். கடைசி மணியில் ரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்து, யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியாது. ஆக, இரண்டாவது மணி நேரம்தான் எங்களுடையது. திங்கள் அரைப் படம், புதன் மீதிப் படம். வெள்ளிக்கிழமை சண்டை: படம் தேறுமா தேறாதா, அடுத்து யாருடைய சிபாரிசு.

சிபாரிசு செய்வதற்கும் சட்டம் உண்டு. மூன்று வாக்கியம்தான் பேசலாம். முடிவைச் சொல்லவே கூடாது. ஏற்கெனவே பார்த்தவர், பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளக் கூடாது. மூச்சு விட்டால் இரண்டு வாரம் அவர் சிபாரிசு கிடையாது. ஒருமுறை நாலாவது கட்டிலில் இருந்த ஒரு குமாஸ்தா, படம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் "இவன்தான் கடைசியில சுடப் போறான்" என்று உளறிவிட்டார். கண்டக்டர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அன்றைக்குத்தான் நான் இந்தச் சட்டத்தைப் போட்டேன். ஒரே ஒரு விலக்கு டீச்சருக்கு. மனுஷர்கள் எத்தனை பேர் செத்தாலும் அவருக்குக் கவலையில்லை, குதிரை சாகக் கூடாது. ஒவ்வொரு சிபாரிசு முடிந்ததும் "குதிரைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவோம்.

கௌபாய் படங்களில் எப்போதும் ஒருவன் தண்ணீர் இல்லாமல் பாலைவனத்தில் போய்க்கொண்டிருப்பான். எங்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் கணக்கு, மருந்து விழுங்குவது உட்பட. அவன் கடைசியில் ஒரு கிணற்றைக் கண்டுபிடித்து, தொப்பியில் மொண்டு, மோவாயில் வழிய வழியக் குடிக்கும்போது அறையில் ஒரு சத்தம் இருக்காது. மூன்று பேரும் எச்சில் விழுங்குவோம். "ஏ சர்டிபிகேட் கொடுத்திருக்கணும் இந்தக் காட்சிக்கு" என்பான் கண்டக்டர். சிஸ்டர் சிரித்துச் சிரித்து மாஸ்க்கைச் சரிசெய்துகொள்வாள்.

இப்படி மூன்று வருஷம் ஓட்டினோம். பிறகு கண்டக்டருக்கு இடது கையில் ஊசி குத்துகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையில் ஆபரேஷன் செய்தார்கள், ஒன்பது மாதத்தில் அதுவும் அடைத்துக்கொண்டது. கழுத்தில் ட்யூப் வைத்தார்கள். அதில் இரண்டு தடவை காய்ச்சல் வந்து ஆளை உலுக்கி எடுத்துவிட்டது. இனி தோள்பட்டைக்குக் கீழே ஒரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். அது ஒரு புதன்கிழமை; அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்.

கண்டக்டர் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில், மெஷினையே விட்டுவிடப்போவதாகச் சொல்லியிருக்கிறான். விட்டால் எத்தனை நாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பத்து நாள், உடம்பில் தெம்பிருந்தால் இரண்டு வாரம்.

அவன் மனைவி அந்த வார வெள்ளிக்கிழமையே வராந்தாவில் என்னைப் பிடித்தாள். துணிக்கடையில் சேலை மடிக்கிற வேலை அவளுக்கு. வாரத்தில் மூன்று நாள் பாதி நாள் லீவு போட்டுப் புருஷனைக் கூட்டிவந்து கூட்டிப்போவாள். எங்கே நின்றாலும் கை தன்னால் எதையாவது மடித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு அவனுடைய துண்டை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

"அண்ணே, அவரு யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு. நான் சொன்னா, நீ நிம்மதியா தூங்கி எத்தனை வருஷமாச்சுன்னு எங்கிட்டயே திருப்பிக் கேக்கறாரு. நான் கேட்டேனா தூக்கம்? நீங்க சொன்னா ஒருவேளை கேப்பாருண்ணே."

"நான் பேசறேன்மா. அடுத்த வெள்ளிக்கிழமை அவனைக் கையெழுத்துப் போட வைக்கறது என் பொறுப்பு."

பொறுப்பு என்று சொல்லிவிட்டேனே தவிர, ஆணுக்கு ஆண் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. 'சாகாதேடா' என்று எவன் முகத்தைப் பார்த்துச் சொல்வது? அதுவும் நானே நாளைக்கு இருப்பேனோ மாட்டேனோ என்று படுத்திருக்கிறவன். அப்போதுதான் என்னுடைய படம் ஞாபகத்துக்கு வந்தது.

எனக்குப் பத்தொன்பது வயதில் பட்டறைக்குப் பக்கத்துத் தியேட்டரில் அந்தப் படம் ஓடியது. பதினொரு தடவை பார்த்தேன். ஒருவன் ஏழு வருஷம் மாடு ஓட்டப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்புகிறான். ஊர் எல்லையில் ஒரு தகராறில் ஒருவனைச் சுட வேண்டிவருகிறது. செத்தவனுடைய அண்ணன் தம்பி நாலு பேர் குளம்படியைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் வருகிறார்கள். தோளில் குண்டு, ஒரே ஒரு தண்ணீர்க் குடுவை, நடுவில் பாலைவனம். விழுகிறான், எழுகிறான், குதிரையிடம் பேசிக்கொண்டே வருகிறான். கடைசியில் ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் குதிரையை விட்டு இறங்கி வேலிக் கதவில் கை வைக்கிறான். வீட்டுக்குள் விளக்கடியில் துணி தைத்துக்கொண்டிருக்கிற மனைவி தலையை நிமிர்த்திப் பார்க்கிறாள். அவ்வளவுதான், லைட் போட்டுவிடுவார்கள். பதினொரு தடவையும் நான் அழுதேன். வெளியில் யாராவது கேட்டால் கண்ணில் இரும்புத்தூள் என்று சொல்லிவிடுவேன்.

அந்தப் படத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. கிடைக்கவும் இல்லை. முன்னமே நான் கேட்டு வைத்திருந்ததால் என் மாப்பிள்ளை மூன்று மாதமாகத் தேடி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்க்கலாமா என்றார். வேண்டாம், அங்கே மூன்று பேராக உட்கார்ந்து பார்த்தால்தான் சரி என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நாற்பத்திநாலு வருஷம் காத்திருந்தவனுக்கு ஒரு ராத்திரி பெரிதில்லை. படம் எத்தனை நிமிஷம் என்றுகூடப் பார்க்கவில்லை. அளக்காமல் கடைந்த ஒரே துண்டு அதுதான்.

திங்கட்கிழமை மூன்று வாக்கியம் சொன்னேன்.

"இது நான் இத்தனை நாளா பொத்தி வச்சிருந்த படம். ஒருத்தன் வீட்டுக்குத் திரும்பி வர்ற கதை. கண்டக்டரே, இது உனக்காகவே கொண்டாந்தது, கடைசிக் காட்சி வரைக்கும் கண்ணை மூடாம பாரு."

"எனக்காகவா?" என்று கண்டக்டர் தலையைத் திருப்பினான். கழுத்து ட்யூப் இழுத்ததால் முழுதாகத் திரும்ப முடியவில்லை. "ரொம்ப பெரிய மனசு பண்றீங்களேண்ணே. உள்ளே ஏதோ விஷயம் இருக்கு."

"இருக்கு. பாத்துட்டுச் சொல்லு."

டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் குதிரையைப் பற்றிக் கேட்கவில்லை. என் பரபரப்பில் அதை நான் கவனிக்கவும் இல்லை.

முதல் பாதி நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. வயதாகிப் பார்த்தால் பல படங்கள் சப்பென்று போய்விடும், இது போகவில்லை. கண்டக்டர் கண்ணை எடுக்கவே இல்லை. பாலைவனத்தில் குடுவையில் மிச்சமிருந்ததைக் குதிரைக்காரன் தனக்கு ஒரு வாய், குதிரைக்கு ஒரு வாய் என்று பிரித்தபோது, "கரெக்டா அரை லிட்டர்" என்று கண்டக்டர் முனகினான். எனக்கு உள்ளுக்குள் குஷி. இந்த ஆள் வெள்ளிக்கிழமை வந்துவிடுவான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். போகும்போது அவன் மனைவியைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினேன். அவள் மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

புதன்கிழமை மீதிப் படம். விழுகிறான், எழுகிறான். குதிரையிடம் தன் மனைவி எப்படிச் சிரிப்பாள் என்று சொல்லிக்கொண்டே வருகிறான். சாயங்காலம். வேலி. இறங்குகிறான். கதவில் கை வைக்கிறான். உள்ளே அவள் தலையை நிமிர்த்துகிறாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரை லிட்டர் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டுமா என்று கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே, "அவ்வளவுதான் சிஸ்டர், நிறுத்திடுங்க" என்றேன்.

சிஸ்டர் நாலாவது கட்டிலில் இருந்தாள். அங்கே மெஷின் கத்திக்கொண்டிருந்தது, ரிமோட் அவள் பையில் இருந்தது. "ஒரு நிமிஷம் சார்" என்றாள்.

படம் நிற்கவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. தலையை நிமிர்த்திய அந்தப் பெண் வாசலைப் பார்க்கவில்லை. காற்றில் அடித்துக்கொண்ட ஜன்னலைப் பார்த்தாள். எழுந்து வந்து அதைச் சாத்திவிட்டுத் திரும்பவும் தைக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. இருட்டில் நின்றவனை அவள் பார்க்கவே இல்லை. அவன் திரும்பி மலைப்பக்கம் பார்த்தான். நாலு குதிரைகளின் புழுதி. இவன் உள்ளே போனால் அந்த நாலு பேரும் உள்ளே வருவார்கள்.

"சிஸ்டர், நிறுத்துங்க" என்றேன்.

"இருங்க சார், இவருக்கு பிரஷர் இறங்குது."

கையில் இரண்டு ஊசி. ரத்தம் வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருந்தது. எழுந்து போய் ஒரு ஒயரைப் பிடுங்க முடியவில்லை என்னால். எட்டு நிமிஷம் அப்படியே படுத்திருந்தேன். குதிரைக்காரன் தன் தண்ணீர்க் குடுவையைக் கழற்றி வேலிக் கதவில் மாட்டினான். ஒரு தடவை வீட்டைப் பார்த்தான். பிறகு குதிரையில் ஏறி, வந்த வழியை விட்டு, வேறு பக்கமாக, குளம்படி நன்றாகப் பதிகிற மாதிரி மெதுவாகப் பாலைவனத்துக்குள் போனான். அந்த நாலு பேரும் வீட்டைத் தாண்டி அவன் பின்னாலேயே போனார்கள். உள்ளே அவள் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு படுத்துத் தூங்கினாள். நிம்மதியான தூக்கம். அதைத் தனியாக, பக்கத்தில் போய்க் காட்டினார்கள்.

பதினொரு தடவையும் எனக்குக் காட்டியது கடைசி ரீல் இல்லாத படம். அடுத்த ஆட்டத்துக்கு வாசலில் கூட்டம் நின்றால், கடைசி ரீலைப் போடாமலே லைட்டைப் போட்டுவிடுகிற தியேட்டர் அது. எல்லாப் படத்துக்கும் அப்படிச் செய்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். இந்தப் படத்துக்கும் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் எனக்கு அந்த முடிவு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது.

நான் கண்டக்டரைப் பார்த்தேன். அவன் அழவில்லை. ரொம்ப நாள் தேடிய சாவி கிடைத்தவன் மாதிரி முகம் தெளிந்துகிடந்தது. நான் பார்த்த முடிவு இது இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது டாக்டர் உள்ளே வந்தார். அதற்குப் பிறகு கடைசி மணி, கால் பிடிப்பு, மயக்கம். நான் கண்ணைத் திறந்தபோது அவன் கிளம்பிப் போயிருந்தான்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது கட்டில் காலியாக இருந்தது. ஏழு, ஏழரை, எட்டு. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனான். ஒரு கையால் போனை எடுத்து நானே கூப்பிட்டேன்.

"அண்ணே" என்றான். குரல் நன்றாகவே இருந்தது. "நானே கூப்பிடணும்னு இருந்தேன். வீட்ல அழுதாங்க, டாக்டர் திட்டினாரு, என் மச்சான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. நீங்க ஒருத்தர்தான் எனக்கு என்ன வேணும்னு புரிஞ்சுகிட்டீங்க. அதுவும் நேரா சொல்லாம, படமா போட்டு, பக்குவமா சொன்னீங்க பாருங்க."

"டேய், நான் அப்படிச் சொல்லலடா. நான் பதினோரு தடவை பாத்த படத்துல அந்த முடிவே இல்ல. வாசல்ல இறங்குவான், அவ பாப்பா, முடிஞ்சிடும். தியேட்டர்காரன் கடைசி ரீலை வெட்டிட்டான். சத்தியமாடா."

அவன் சிரித்தான். "பதினோரு தடவை பாத்தவரு நீங்க. முடிவு தெரியாமலா எனக்குன்னு கொண்டாந்தீங்க? கடைசிக் காட்சி வரைக்கும் கண்ணை மூடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க. விடுங்கண்ணே. சமாதானம் சொல்ல வேண்டாம், எனக்கு வருத்தம் இல்ல."

நான் கெஞ்சினேன். திட்டினேன். கெட்ட வார்த்தையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீச்சரைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

போன் கையில் இருக்க டீச்சர் பக்கம் திரும்பினேன். "நீங்க அந்தப் படத்தைப் பாத்திருக்கீங்க. அதான் குதிரையைப் பத்திக் கேக்கல."

"பாத்திருக்கேன். ரெண்டு தடவை."

"முழுசா?"

"முழுசா."

"தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்தீங்களா? ஒரு உசிரு போகுது டீச்சர்."

டீச்சர் மெஷினில் சிவப்புக் குழாய் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்ததாவே காட்டிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்க" என்றார். பிறகு, "அது மட்டும் இல்ல. அவர் படற பாட்டைப் பாத்து நீங்களே மனசு மாறிட்டீங்க, போகட்டும்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். பெரிய மனுஷன்னு நெனச்சேன் உங்களை. அதனாலதான் குறுக்க வரல."

எனக்கு அவர்மேல் வந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் என்மேலேயே திரும்பி வந்தது. அன்றைக்கு யாரும் டிவி போடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ஞாயிறும் போனேன். டாக்டரை விட்டுப் பேச வைத்தேன். என் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், அந்தத் தியேட்டரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார் என்று சாட்சி சொல்ல வைத்தேன். கண்டக்டர் எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னான், எல்லோரையும் விசாரித்தான். பஸ்ஸில் சில்லறை இல்லாத பயணியைச் சமாளிக்கிற அதே சிரிப்பு. கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை சிஸ்டர் மூன்றாவது கட்டிலில் வேறொருவரைப் படுக்க வைத்தாள். புதியவர் டிவியைப் பார்த்துவிட்டு, "இங்க படம்லாம் போடுவாங்களாமே, நல்ல படமா ஒண்ணு சொல்லுங்களேன்" என்றார். நானும் டீச்சரும் காது கேட்காதவர்கள் மாதிரி படுத்திருந்தோம்.

வியாழக்கிழமை காலை அவன் மனைவி கூப்பிட்டாள். மெஷினை விட்ட எட்டாவது நாள். முதல்நாள் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, இனி மெஷினில் போட்டாலும் தாங்காது என்று சொல்லிவிட்டாராம். "உங்களைப் பாக்கணுங்கறாரு" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

போனேன். முன்னறையில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். முகம் வீங்கி, கால் இரண்டும் வீங்கி, மூச்சு மேல்மட்டத்திலேயே நின்று நின்று வந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர். எல்லாம் விட்டாயிற்று என்றதும் தண்ணீர்க் கணக்கையும் விட்டுவிட்டிருந்தான். நான் உட்கார்ந்ததும் அதை எடுக்கச் சொல்லி, தலையைத் தூக்கச் சொல்லி, மோவாயில் வழிய இரண்டு வாய் குடித்தான். எனக்குத் தொண்டை வறண்டது. அந்த நேரத்திலும் எனக்குத் தாகம் எடுத்ததே என்று இப்போது நினைத்தாலும் அவமானமாக இருக்கிறது.

"ஏ சர்டிபிகேட்" என்றான். சிரிக்க முயன்றதில் இருமல் வந்தது.

அவன் மனைவி உள் வாசற்படியில் நின்றாள். கையில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்படி என்ன படம் போட்டீங்க இவருக்கு? கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. முடிவைச் சொல்லக் கூடாதாம். அதுக்கு ஒரு சட்டமாம்."

கண்டக்டர் என் கையைத் தொட்டான். "சொல்லுங்கண்ணே" என்றான். "நீங்க பாத்ததைச் சொல்லுங்க."

நான் அவனைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை போனில் நான் கத்தியதை அவன் நம்பினானா இல்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. எப்போது நம்பினான், நம்பியிருந்தால் எத்தனையாவது நாளில், அப்போது நேரம் இருந்ததா, எதையும் என்னால் கேட்க முடியவில்லை. கேட்டு, இருந்தது என்று அவன் சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

சொன்னேன். அவளைப் பார்த்துச் சொன்னேன். ஏழு வருஷம் மாடு ஓட்டியதை, தோள் குண்டை, ஒரு வாய் தனக்கு ஒரு வாய் குதிரைக்கு என்று தண்ணீரைப் பிரித்ததை. விழுந்து விழுந்து எழுந்ததை. குதிரையிடம் மனைவி சிரிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்ததை. அவள் சட்டையை மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்துட்டான்மா. குதிரையை விட்டு எறங்கிட்டான். கதவுல கையை வச்சான். உள்ளே அவ துணி தெச்சுகிட்டு இருந்தவ, தலையை நிமிர்த்திப் பாத்தா."

"பாத்தாளா?"

"பாத்தா."

"அப்புறம்?"

"அப்புறம் இல்லம்மா. லைட் போட்டுட்டாங்க."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவன்தான் வீட்டுக்கு வந்துட்டானே" என்றாள். "அப்புறம் இவருக்கு என்ன வந்துச்சு?"

கண்டக்டர் கண்ணை மூடியிருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து உதடு மட்டும் அசைந்தது.

"நல்ல படம்ணே" என்றான். "நானும் அந்தத் தியேட்டர்லயே பாத்திருக்கலாம்."

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் போய்ச் சேர்ந்தான்.